உதட்டுக்கு ஏற்ற குழல்

யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாயில் வைத்து இன்று முதல் ஸ்வரத்தை ஊதியதும் அறை முழுக்கக் கனமான ஓர் ஒலி நிறைந்தது. ஊதியது நான்தான் என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது.

பல வருடங்களாக ட்ரம்பெட்டோடுதான் மல்லுக்கட்டு. அதன் வாய்முனைக் கிண்ணம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் அகலம். மேல்ஸ்தாயிக்குப் போனால் என் தடித்த உதடு நசுங்கி வெறும் காற்றுதான் வரும். தடித்த உதட்டுக்காரர்களும் அபாரமாக வாசிக்கிறார்கள், எனக்கு வாய்க்கவில்லை.

யூஃபோனியத்தில் கிண்ணம் 25 மில்லிமீட்டருக்குப் பக்கம். உதடு தாராளமாக அதிர்கிறது. குழாயும் இரண்டு மடங்கு நீளம், போகப் போக விரிகிறது. நாதத்தின் குழைவு அதனால்தான்.

"இன்னும் சாதகம் செய்" என்றார்கள் எல்லோரும். கருவியை மாற்றிப் பார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உழைப்பு போதவில்லை என்று சொல்வது எத்தனை சுலபம்!

எடைதான் படுத்துகிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் ட்ரம்பெட்டின் மேல் பாசம் பொங்குகிறது.