பயமா, பரிச்சயமா?

கைப்பேசி இன்று 2018 அக்டோபரில் எடுத்த படம் ஒன்றைக் காட்டியது. சிங்கப்பூரின் செந்தோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா, 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்' என்ற திகில் விழாவின் வரிசையில் வியர்த்து வழிய நானும் மகனும்.

அந்த ஆண்டு 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற நெட்ஃபிளிக்ஸ் திகில் தொடருக்கென்றே ஒரு பேய் வீடு அமைத்திருந்தார்கள். தொடரில் வருவது போலவே சுவரில் ஆங்கில எழுத்துகள், அவற்றுக்கு மேலே வண்ண விளக்குச் சரம். எங்களுக்கு முன்னால் போன பையன் அதைக் கண்டதும் அலறினான். பயத்தில் அல்ல, ஆனந்தத்தில்!

பூங்காக்காரர்கள் தேடுவது இந்த அலறலைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டில் நடந்துகொண்டே போகிறவனுக்குக் கதை சொல்ல நேரம் ஏது? பார்த்த நொடியில் "அட, இது அதுதானே!" என்று பிடிபட வேண்டும். 2016இல் வந்த தொடர்; நினைவு இன்னும் சூடாக இருந்தது. 2023இல் கொரியாவின் 'ஆல் ஆஃப் அஸ் ஆர் டெட்' ஸோம்பி தொடர் இங்கே வந்ததும் இதே கணக்கில்தான் இருக்கும். வீட்டுக்கு வீடு நெட்ஃபிளிக்ஸ் ஓடும் ஊரல்லவா இது.

அதே 2018இல் மலாய்க் கதைகளில் வரும் பெண் பேயான பொந்தியானாக்குக்கும் ஒரு வீடு இருந்தது. அவளுக்கு உரிமத் தொகை கேட்க யாரும் இல்லை, பாவம். மலாய்ப் பாட்டிகள் இலவசமாகவே விளம்பரம் செய்து வைத்திருக்கிறார்கள்.

விளக்குச் சரத்துக்குச் சிரித்த என் மகன், அன்றிரவு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, பொந்தியானாக் வருவதற்கு அடையாளம் என்று சொல்லப்படும் கெம்போஜாப் பூ மணம் வந்ததும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.