கதைதானேம்மா

"ஜார்ஜ் எங்க மிஸ்?" என்று அவள் கேட்டாள். "கதைதானேம்மா, விடு" என்று நான் சொன்னேன். முன்னும் பின்னும் நடந்ததைச் சேர்த்தாலும் எங்கள் பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருக்காது. 2007 ஆகஸ்டில், மதிய உணவு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், பள்ளி நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரும் மேசையில் நடந்த பேச்சு அது. பணி ஓய்வு பெற்ற பிறகும் அதை நான் மனத்துக்குள் நடத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் கேட்டது அப்படியே இருக்கிறது. நான் சொன்னதைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவதும் கடைசியுமான நூல் அந்த ஆண்டு ஜூலை 21 அன்று வெளிவந்தது. கெட்டி அட்டையோடு 607 பக்கங்கள், ஆயிரம் ரூபாயை நெருங்கும் விலை. ஒரு பிரதி வாங்குவதற்கே நிர்வாகத்திடம் இரண்டு முறை எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. காரைக்குடிக்கு அது வந்து சேர்ந்தபோது காத்திருப்போர் பட்டியலில் 15 பெயர்கள் இருந்தன. முதல் பெயர் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த அவளுடையது. முந்தைய ஆறு நூல்களின் தேதிச் சீட்டுகளிலும் அவளுடைய உறுப்பினர் எண் ஒருமுறைக்கு மேல் இருந்தது. அவளுக்குக் கொடுப்பதற்கு முன், புதிதாக வரும் நூல்களைப் பதியும் அக்ஸஷன் பதிவேட்டில் ஏற்றும் சாக்கில் இரண்டு இரவுகள் வீட்டுக்குக் கொண்டுபோய் நான் படித்துவிட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்ததுபோல் இருக்கும்.

வெள்ளிக்கிழமை எடுத்துச் சென்றவள் திங்கட்கிழமையே திருப்பிக் கொண்டுவந்தாள். அந்த நூலில் 36 அத்தியாயங்கள் முடிந்த பிறகு, 19 ஆண்டுகள் கழித்து நடப்பதாகச் சில பக்கங்களில் ஒரு பின்கதை வரும். அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்து விளிம்பு நெடுக ஆறு ஸ்டேப்ளர் பின்கள் அடித்திருந்தாள். அதற்கு முந்தைய பக்கத்தின் அடியில் பென்சிலால், பொடி எழுத்தில், "இங்கே முடிந்தது" என்று எழுதியிருந்தாள். ஒளித்துவைத்துக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, அவளே அந்த இடத்தைப் பிரித்துக் காட்டி, "அபராதம் எவ்வளவு மிஸ்?" என்று கேட்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றேன். அப்போதுதான் ஜார்ஜைப் பற்றிக் கேட்டாள்.

இந்தக் கதையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெட், ஜார்ஜ் என்று இரட்டைப் பிள்ளைகள். பெர்சி அவர்களுக்கு அண்ணன், ரான் தம்பி. பெற்ற தாயே ஆள் மாற்றிக் கூப்பிடும் அளவுக்கு ஒரே அச்சு. கடைசி நூலின் தொடக்கத்தில் ஒரு தாக்குதலில் ஜார்ஜுக்கு ஒரு காது போய்விடுகிறது. இனிமேல் எங்களை நீ அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று அந்த நிலையிலும் அவன் தாயிடம் விளையாட்டாகச் சொல்கிறான். இறுதிப் போரில் பிரெட் இறந்துபோகிறான். அடையாளம் காண வேண்டிய தேவையே அதன் பிறகு யாருக்கும் இல்லை. 19 ஆண்டுகளுக்குப் பிந்தைய பக்கங்களில், பிழைத்திருந்தவர்கள் பெற்றோராகி, தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ரயில் நிலையத்துக்கு வருகிறார்கள். எல்லாம் நலமாக இருந்தது என்ற பொருளில் நூல் முடிகிறது. ஜார்ஜின் பெயர் அங்கே இல்லை.

"பெர்சிக்குக்கூட ஒரு குரல் கொடுத்திருக்காங்க மிஸ், புகைக்குள்ளேர்ந்து பேசிக்கிட்டிருக்கான். காது போனப்பவும் அம்மாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தவன் அவன். அவனைப் பத்தி ஒரு வரி இல்லாம எல்லாம் நல்லா இருக்குன்னு எப்படி முடிக்கலாம்? ஜார்ஜ் எங்க மிஸ்?"

நான் சொன்னதை முன்பே எழுதிவிட்டேன். அதன் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. ஐம்பது ரூபாய்க்கு ரசீது எழுதினேன். மறுநாள் பணத்தைக் கொண்டுவந்து கட்டினாள். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அவள் பெயரில் வேறு எந்தப் புத்தகமும் எடுக்கப்படவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு நூலகப் பக்கம் வருவதில்லை, பொதுத்தேர்வு வருடத்தில் அதற்கு நேரமும் கிடையாது என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் அவள் வராமல் போனது ஆகஸ்டிலிருந்தே.

அபராதம் விதித்ததில் எனக்கு இன்றும் தடுமாற்றம் இல்லை. பட்டியலில் இன்னும் 14 பிள்ளைகள் காத்திருந்தார்கள். கதையை எங்கே முடித்துக்கொள்வது என்று அவர்களுக்காக அவள் முடிவு செய்ய முடியாது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளை மனப்பாடம் செய்துதான் நாங்கள் எல்லோரும் இந்த வேலைக்கு வந்தோம். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றில் முதல் விதி. பின் அடித்து மூடிய பக்கத்தை யாரும் பயன்படுத்த முடியாது. அன்று மாலையே ஒரு சிறு கத்தியின் முனையால் ஆறு பின்களையும் நெம்பி எடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் பன்னிரண்டு துளைகள் மிச்சமாயின. மறுபடியும் அப்படி ஒரு நூல் வந்தால் அப்படியேதான் செய்வேன். ஆனால் இந்த விதிகள் எதிலும் வாசகரிடம் "கதைதானே" என்று சொல்லச் சொல்லவில்லை. அது என்னுடைய சொந்தச் சரக்கு.

அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பின்களைப் பார்த்தவுடன் எனக்கு வந்த கோபத்தில் போய் நிற்கிறது. பொதுச் சொத்துக்காக வந்த கோபம் என்றே அப்போது நினைத்தேன். எத்தனையோ பிள்ளைகள் அட்டையைக் கிழித்திருக்கிறார்கள், படத்தை வெட்டியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் அவ்வளவு கோபம் வந்ததில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் என் மகனைக் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்கு அனுப்பியிருந்தேன். பேருந்து கிளம்பிய பிறகும் நானும் அவருமாக வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். பிள்ளைகளை ஏற்றிவிட்டு நடைமேடையில் பெற்றோர் நிற்கும் அந்தக் கடைசிப் பக்கங்களை நள்ளிரவு தாண்டிப் படித்தபோது நான் அழுதேன். எல்லாம் நலம் என்று ஒரு நூல் சொல்ல வேண்டியிருந்த சமயத்தில் அந்த நூல் அதைச் சொன்னது. அந்தப் பக்கங்களையே வேண்டாம் என்று ஒரு பதினேழு வயதுப் பெண் பின் அடித்து மூடிக் கொண்டுவந்து கொடுத்ததும், அவள் கேட்டது என் காதில் சரியாக விழவில்லை. ஜார்ஜ் இல்லை என்பதை நான் கவனித்திருக்கவே இல்லை. அழுதுகொண்டே படித்தவள் எப்படிக் கவனிப்பாள்? கவனிக்காததை ஒரு மாணவியிடம் ஒப்புக்கொள்ள மனம் வராமல் அந்தச் சொல்லைச் சொன்னேனா என்றும் சில நாள் தோன்றும். அப்படியும் இருக்கலாம்.

இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. கதையை ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வது எங்கள் வீட்டுக்கு ஒன்றும் புதிதல்ல. புரட்டாசி மாதத்தில் எங்கள் வீட்டில் இராமாயணம் வாசிப்பார்கள். அப்பத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு வாசிக்கும் வேலை எனக்கு வந்தது. திருமுடி சூட்டு படலம் முடிந்து, விடை கொடுத்த படலமும் முடிந்ததும் புத்தகத்தை வாங்கித் துணியில் சுற்றிவிடுவார். கம்பரே அதோடு நிறுத்திவிட்டார். ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்லப்படும் உத்தர காண்டம் தனியாக இருக்கிறது, அதையும் படிக்கலாமே என்று சிறுமியாக இருந்தபோது ஒருமுறை கேட்டேன். சீதையை மறுபடியும் காட்டுக்கு அனுப்புகிற கதை நம் வீட்டில் வேண்டாம் என்றார் அப்பத்தா. அவரிடம் யாரும் கதைதானே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அவர்களுக்கு அன்றைக்குச் சோறு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் விடை கொடுத்த படலத்தை மட்டும் ஒரு பாட்டுக்கூட விடாமல் படிக்கச் சொல்வார். இராமன் சுக்கிரீவனுக்கு, அங்கதனுக்கு, அனுமனுக்கு, சாம்பவானுக்கு, குகனுக்கு, வீடணனுக்கு என்று துணை நின்றவர்களுக்குத் தனித்தனியே சிறப்புச் செய்து அனுப்பிவைக்கிறான். எனக்குச் சலிப்பாக இருக்கும். இரண்டு பாட்டைத் தாண்டிப் போனால் கண்டுபிடித்துவிடுவார். யாரையும் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்பார். செட்டிநாட்டில் கல்யாண வீட்டு வாசலில் நின்று வழியனுப்பியவர்களுக்கு இது புரியும். வந்தவரில் ஒருவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், அந்த மனத்தாங்கல் பேரன் கல்யாணம் வரைக்கும் வரும். அந்தப் பெண் கேட்டதும் ஏறக்குறைய அதுவேதான். கடைசியில் ஒருவனைப் பெயர் சொல்லி விசாரிக்காமல் விட்டுவிட்டார்களே என்று கேட்டாள். இதை அப்பத்தாவிடம் கேட்டிருந்தால் இங்கிலாந்துக்காரப் பையன் என்றுகூடப் பார்க்காமல், "ஆமா, அவன் என்ன ஆனான்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டிருப்பார்.

இருந்தாலும் அவள் கேள்வியை அந்தக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று. சில வாரங்கள் கழித்து அவளுடைய வகுப்பாசிரியையிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். வீட்டில் யாராவது தவறிப்போயிருக்கிறார்களா, அண்ணன் தம்பி யாருக்காவது ஏதாவது நேர்ந்ததா என்று கேட்டேன். அப்படி ஏதாவது இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் ஜார்ஜைக் கேட்கவில்லை, வேறு யாரையோ கேட்டிருக்கிறாள் என்று புரிந்துகொண்டு, அவளைக் கூப்பிட்டு ஆறுதலாக நாலு வார்த்தை பேசியிருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை. அப்பா, அம்மா, ஒரு தம்பி, எல்லோரும் சௌக்கியம். அவள் ஜார்ஜைத்தான் கேட்டாள். கதையில் வருகிறவனுக்காக ஒருத்தி வருத்தப்பட்டால் அதற்குப் பின்னால் ஓர் உண்மையான துக்கம் இருந்தாக வேண்டும் என்று நான் நினைத்திருக்கிறேன். இத்தனை ஆயிரம் கதைப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கி, பிள்ளைகளைப் படி படி என்று விரட்டிக்கொண்டு, உள்ளுக்குள் நான் நம்பியது இதுதானா?

பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தி கண்ணில் பட்டது. நூல் வெளிவந்த சில நாட்களில், 2007 ஜூலை 30 அன்று, அதன் ஆசிரியர் இணையம் வழியாக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஜார்ஜ் என்ன ஆனான் என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். பிரெட்டை இழந்ததிலிருந்து அவன் முழுமையாக மீண்டிருப்பான் என்று தான் நினைக்கவில்லை என்றும், தலைமகனுக்குப் பிரெட் என்று பெயர் வைத்தான் என்றும், ரானின் துணையோடு தொழிலில் நன்றாக வந்தான் என்றும் சொல்லியிருக்கிறார். அதாவது அவள் என் மேசைக்கு வந்த அன்று அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. எழுதியவர் அதற்கு உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தார்; கதைதானே என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், மேசைக்குப் பின்னால் கையெட்டும் அலமாரியில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களும் இருந்தன. 1954இல் தொடர் முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே, இன்னார் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்குக் கல்கி எழுதிய முடிவுரை ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இருக்கிறது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். இப்போது நடத்திப் பார்க்கும் உரையாடல்களில் பெரும்பாலும் அதைத்தான் கொடுக்கிறேன். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஜார்ஜைக் கேட்டவளுக்கு வந்தியத்தேவனைக் கொடுப்பதும் பேச்சை மாற்றுவதுதான். "எனக்கும் தெரியலையேம்மா" என்று சொல்லிவிட்டு அவளோடு சேர்ந்து அந்தப் பக்கங்களை மறுபடி ஒருமுறை பார்த்திருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்று சில நேரம் தோன்றுகிறது. வெளியே 14 பேர் காத்திருக்க, சாப்பாட்டு மணி அடிக்க, அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருந்தது என்றும் உடனே தோன்றிவிடுகிறது.

பின்களை எடுத்த அன்று அந்தப் பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை. மறந்துபோனேனா, விட்டுவைத்தேனா என்று எனக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மேசை இழுப்பறையில் எப்போதும் ரப்பர் இருக்கும். புத்தகங்களில் பிள்ளைகள் கிறுக்குவதை அழிப்பது எனக்கு அன்றாட வேலை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், கடைசி முறையாக இருப்புச் சரிபார்ப்பு நடந்தபோது அந்த நூல் கைக்கு வந்தது. முதுகு பிளந்து, தையல் விட்டு, கழிக்க வேண்டிய நிலையில் இருந்தது. கடைசி அத்தியாயம் முடியும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "இங்கே முடிந்தது" என்பதற்குக் கீழே வேறு வேறு கையெழுத்துகள் சேர்ந்திருந்தன. "இல்ல, இன்னும் இருக்கு, திருப்பு" என்று ஒன்று. "திருப்பாதே" என்று ஒன்று. "யார் பின் அடிச்சது?" என்று நீல மையில் ஒன்று. இவற்றுக்கெல்லாம் அடியில், ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணலாக, "ஜார்ஜ் கடை நல்லா ஓடுது" என்று இருந்தது. தேதிச் சீட்டில் 31 எண்கள். பேனாவை எடுத்துக் கழிவுப் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தில் "தையல் விட்டது" என்று எழுதினேன். கையெழுத்துகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. யாருக்கும் ரசீதும் போடவில்லை.