கில்பெக் ஆலயம்: செம்மணற்கல்லில் செதுக்கிய சிற்பங்கள்

இங்கிலாந்தின் ஹெரெஃபோர்டு நகருக்குத் தென்மேற்கே, வேல்ஸ் எல்லைப் பக்கம் இருக்கிறது கில்பெக். அங்கே புனித மரியாளுக்கும் புனித தாவீதுக்கும் சேர்த்து ஒரே ஆலயம். ஊர்ப் பிரபு ஹியூ 1134-ல் ஊர் ஆலயத்தை குளோஸ்டர் மடத்துத் துறவிகளுக்குக் கொடுத்தார். இப்போது நிற்கும் கட்டடம் 1140-ஐ ஒட்டியது. பக்கத்திலேயே ஊர்ப் பிரபுக்களின் கோட்டை இருந்த மண்மேடு. ஏறிப் பார்த்தால் இடிந்த சுவர்தான் மிச்சம்.

தெற்கு வாசலில் கால் தானாக நின்றுவிடுகிறது. நிலைக்கு மேலே அரைவட்டக் கல்லில் கொடியாகப் படரும் வாழ்வின் மரம். சுற்றிலும் வளைவு முழுக்க விலங்குகள், பறவைகள், நாகங்கள். தூணில் கொடிகளுக்குள் சிக்கிய இரண்டு போர்வீரர்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உளி பட்ட கோடு மழுங்கவில்லை.

கூரைக்குக் கீழே சுற்றிவர, கூரையைத் தாங்கச் சுவரிலிருந்து நீட்டிய 85 தாங்குகற்கள் மிஞ்சியிருக்கின்றன. சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டி ஒன்றில். இன்னொன்றில் நாயும் முயலும் ஒட்டி நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்காத குறை. கால்களை விரித்துக் காட்டும் ஒரு பெண்ணுருவமும் உண்டு. வருகிறவர்கள் பலர் கேமராவோடு தேடுவது அதைத்தான். தேடட்டும், கோயில் சுவரில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

நான் அதிக நேரம் நின்றது உள்ளேதான். நடுக்கூடம், பீடப்பகுதி, அதற்கப்பால் அரைவட்டக் கருவறை, அவ்வளவுதான் ஆலயம். பீடப்பகுதிக்கு நுழையும் வளைவின் இருபுறமும் ஒருவர் தலைக்குமேல் ஒருவராக மும்மூன்று புனிதர்கள். அவர்களில் சாவி வைத்திருப்பவர் பேதுரு. அவர் முன், இயேசு கற்பித்த ஜெபமான 'பரலோக மந்திரம்' சொன்னேன்.

இப்படி அடுக்கிய உருவங்கள் ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயத்தை நினைவூட்டுவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதே மாவட்டத்தில் ஷோப்டன் ஆலயத்தைக் கட்டிய ஆலிவர் தெ மெர்லிமண்ட், அப்போஸ்தலர் யாக்கோபின் அந்தத் திருத்தலத்துக்குத் திருப்பயணம் போய் வந்தவர். இரண்டு ஊரிலும் ஒரே சிற்பக் குழுவின் கை தெரிகிறது. ஒருவருடைய திருப்பயணம் இங்கே கல்லாக வந்து சேர்ந்திருக்கலாம் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

ஷோப்டன் ஆலயத்தை 18-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். அதன் வளைவுகளை மட்டும் பெயர்த்து அழகுக்காகத் திறந்தவெளியில் நிறுத்த, மழையும் காற்றும் முகங்களை அரித்துவிட்டன. அந்தச் சிற்பிகளின் கைத்திறனை முழுசாகப் பார்க்க கில்பெக்குக்குத்தான் வர வேண்டும்.