குழுவில் ஒருவரை மட்டும் சேர்க்காதீர்கள்

நீலகிரியில் ஹெச்.ஐ.வி.யுடன் வாழ்வோரைத் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ள விரும்பும் சங்கங்கள் பெரும்பாலும் செய்கிற முதல் தவறு, நிர்வாகக் குழுவில் 'பாசிட்டிவ் பிரதிநிதி' என்று ஒரே ஒரு நாற்காலி போடுவது. கோத்தகிரியோ பந்தலூரோ, அதில் உட்கார்ந்தவர் யார் என்பது மறுநாள் காலை மினிபஸ் முழுக்கத் தெரிந்திருக்கும். பதவியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குறைந்தது மூன்று பேரைச் சேருங்கள். பதவிப் பெயர் 'செயற்குழு உறுப்பினர்' என்பதோடு நிற்கட்டும். காசநோயிலிருந்து குணமானவர், சர்க்கரை நோயாளி, கிராம செவிலியர் என்று குழு கலந்திருந்தால் யாருக்கு என்ன என்று வெளியாள் யூகிக்க முடியாது. தனி ஆளாக இருப்பவர் கணக்குக் கேட்கத் தயங்குவார். மூவர் இருந்தால் ஒருவர் ஆரம்பித்ததை அடுத்தவர் விடாமல் பிடித்துக்கொள்வார்.

1994 டிசம்பர் 1 அன்று பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்திட்ட பிரகடனம் இந்தப் பங்கேற்பை ஒரு கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. அப்படியும், திட்டத்தை எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் வழக்கம் போகவில்லை. பட்ஜெட் போட உட்காரும் முதல் நாளே அவர்கள் கூட இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், ஹெச்.ஐ.வி. மாத்திரைப் புட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைப் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு பைக்குள் கலகலக்கும். பக்கத்து சீட்டுக்காரர் கேட்பாரே என்று சிலர் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு புட்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கூடலூரின் ஆடி மழை ஈரத்தில் அந்த மாத்திரை வீணாகும். புட்டியைத் திறக்காமல் குரங்குக் குல்லாவுக்குள் இறுக்கிச் சுருட்டி வைத்தால் சத்தம் வராது. இதைச் சொல்லித்தரத் தினமும் மாத்திரை விழுங்குகிறவரால்தான் முடியும்.

கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாள் கூலி போகும். ஹெச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மருந்து வாங்க எப்படியும் வரும் நாளோடு சேர்த்து வையுங்கள். ஆனால் ஆஸ்பத்திரி வளாகத்தில் வேண்டாம். கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். பஸ் கட்டணம், இழந்த கூலி இரண்டையும் அன்றே கையில் கொடுங்கள். வவுச்சரின் தலைப்பில் 'ஹெச்.ஐ.வி. திட்டம்' என்று அச்சிடாதீர்கள். அது ஆடிட்டர் வரை எத்தனை கை மாறும் என்று எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப் குரூப் கூடவே கூடாது, எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஆனால் உங்கள் நம்பரை அவர்கள் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். என்ன பெயரில் சேமிப்பது என்பது அவர்கள் விருப்பம்.

புதிதாகத் தொற்று உறுதியானவருக்குத் துணையாக அனுப்பும்போது, அதே எஸ்டேட் லயன் (தொழிலாளர் வரிசை வீடு) ஆளை அனுப்பிவிடாதீர்கள். பக்கம் என்று நாம் நினைப்பது அவருக்குப் பயம். குன்னூர்க்காரருக்குக் கோத்தகிரிப் பக்கத்து ஆள் பொருந்துவார். ஆணா பெண்ணா என்பதையும் புதியவரிடமே கேளுங்கள். விடாமல் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. டாக்டர் சொல்லும்போது தலையாட்டுகிறவர், அப்படி வாழ்கிறவர் சொல்லும்போதுதான் நம்புகிறார். இந்த வேலைக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், 'தன்னார்வம்' என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். ஒருவரிடம் பத்துப் பேருக்கு மேல் ஒப்படைத்தால், ராத்திரி பதினொரு மணிக்கு வரும் போன்களிலேயே அவர் களைத்து விலகிவிடுவார்.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 மேடையும் போட்டோவும் கடைசியாக வரட்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையை வெளியிட, விவரம் சொல்லிப் பெற்ற ஒப்புதல் எழுத்தில் வேண்டும். சென்ற வருடம் போட்ட கையெழுத்தை வைத்து இந்த வருடம் ஓட்டாதீர்கள். எந்தப் படம், எந்த இடத்தில், எத்தனை நாள் என்று படிவத்தில் எழுதுங்கள். 'வேண்டாம்' என்று பிறகு சொன்னால் பேனரை யார் இறக்குவது என்று அதிலேயே ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள்.