உள்ள செம்பே இல்லடா

நேத்து பத்து மணிக்கு ஆபீஸ் கால். ஒன்பதே முக்காலுக்கு நெட்டு போச்சு, சரியா அந்த நேரம் பாத்துதான் போகும். எங்களுது ஃபைபர் நெட்டு, கண்ணாடி இழை வழியா வெளிச்சமாத்தான் உள்ள வரும். மோடம்ல எல்ஓஎஸ்னு ஒரு லைட்டு இருக்கும்ல, அது சிவப்பா மினுக்க ஆரம்பிச்சா வெளியேர்ந்து வெளிச்சமே வரலன்னு அர்த்தம், அதுக்கப்புறம் நீங்க அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் சரி, சூடம் ஏத்திக் காட்டினாலும் சரி, ஒண்ணும் ஆகாது. ஆனா கஸ்டமர் கேர் பொண்ணுக்கு அந்தக் கதையெல்லாம் கிடையாது. "மோடம் ஆஃப் பண்ணிட்டு முப்பது செகண்ட் வெயிட் பண்ணுங்க சார்." பண்ணியாச்சு. "இப்ப என்ன லைட் எரியுது சார்?" சிவப்பு. "போன்ல வைஃபை பேரை அழிச்சிட்டு மறுபடி பாஸ்வேர்ட் போடுங்க சார்." அம்மா தாயே, வைஃபை நல்லாத்தான் இருக்கு, உள்ள வர்றதுக்குத்தான் ஒண்ணும் இல்லன்னேன். "ஓகே சார், இன்னொரு தடவ ஆஃப் பண்ணி..."

இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும்போதே அப்பா மொட்டைமாடிக்குப் போயாச்சு. அப்பாவத்தான் தெரியுமே, ஈபில ரிட்டயர்டு ஆனாரே தவிர கட்டிங் பிளேயர் இன்னும் ரிட்டயர்டு ஆகல. கடலூர் கூத்தப்பாக்கத்துல எந்தத் தெருவுல கரண்ட் போனாலும் ஆபீஸுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி எங்க வீட்டு கேட்டத் தட்டுற ஆளுங்க இருக்காங்க. அந்த மனுஷன் வீட்லயே ஒரு வயர் அறுந்து கிடந்தா சும்மா விடுவாரா?

அறுந்துதான் கிடந்துச்சு. எதிர்வீட்டுத் தென்னைலேர்ந்து விழுந்த மட்டை, எங்க மாடிக்கு வர்ற கறுப்பு கேபிள் மேலயே விழுந்திருக்கு. (அந்த மரத்தப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா எதிர்வீட்டு அத்தை அம்மாகிட்ட ஒரு மாசம் பேச மாட்டாங்க, அதனால விட்டுடுறேன். காய் மட்டும் அவங்களுக்கு, மட்டை மட்டும் நமக்கு.)

மேலேர்ந்து சத்தம். "டேய் இங்க வாடா, உள்ள செம்பே இல்லடா! ஏமாத்திட்டு போயிருக்கானுங்க!"

போய்ப் பாத்தா, கேபிள உரிச்சு வச்சிருக்கார். அந்த ஒயருக்குள்ள ரெண்டு பக்கமும் இழுவை தாங்குறதுக்கு சின்னதா ரெண்டு இரும்புக் கம்பி போகும், நடுவுல தலைமுடி தண்டிக்கு ஒரு கண்ணாடி இழை. அப்பா அந்தக் கண்ணாடிய 'குப்பை'ன்னு நறுக்கி எறிஞ்சிட்டு, இரும்புக் கம்பி ரெண்டையும் ரெண்டோட முறுக்கி, மேல இன்சுலேஷன் டேப்பு, அதுக்கு மேல மழைத்தண்ணி எறங்கக்கூடாதுன்னு பால் கவரு, அதுக்கும் மேல சணல் கயிறு. ஜாயிண்ட்டுனா ஜாயிண்ட்டு, யானைய கட்டினாலும் பிச்சிக்காது. "ம், இப்ப போட்டுப் பாரு"ங்கிறார்.

சாயங்காலம்தான் லைன்மேன் பையன் வந்தான். ஓல்டு டவுன்ல இன்னொரு கம்ப்ளெயிண்ட்டாம், லேட்டு. பேனா மாதிரி ஒரு லேசர வீட்டுப் பக்கத்துலேர்ந்து கேபிளுக்குள்ள அடிச்சான் பாருங்க, பால் கவருக்குள்ள செக்கச்செவேல்னு வெளிச்சம் கசியுது. நான் சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கிறேன். அவன் கயிற அவுத்து, டேப்ப பிரிச்சுப் பாத்துட்டு சிரிக்கல. "யாரு சார் கட்டினது? சூப்பர் கட்டு"ன்னான். அப்பா மெதுவா, "நான் ஈபி"ன்னார்.

அவ்ளோதான், அதுக்கப்புறம் நான் அங்க வேண்டாத ஆளு. அந்தப் பையனுக்கு நடுவீரப்பட்டு பக்கமாம். தானே புயல்ல அவங்க வீட்டு முந்திரி மொத்தமும் சாஞ்சு, கரண்ட் இல்லாம பல நாள் கிடந்திருக்காங்க, அவன் அப்ப சின்னப் பையன். 2011 டிசம்பர் 30 புயல் அடிச்சப்ப கெளம்பிப்போன எங்கப்பா அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வரல, கம்பம் நட்டுக்கிட்டு இருந்தார். அதை அவர் சொல்லவே இல்ல. "உங்க ஊருல அந்த வளைவுகிட்ட டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் அதே எடத்துலதான் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டார். இருக்காம்.

அப்புறம் அவன் மெஷின எடுத்து ரெண்டு முனையையும் வச்சு ஒட்டினான், உள்ள சின்னதா ஒரு பொறி, முடிஞ்சுது. அப்பா டார்ச் பிடிச்சிக்கிட்டு குனிஞ்சு பாத்தார். முனைய நேரா கண்ணுகிட்ட வச்சுப் பாக்காதீங்கய்யா, லைன்ல வர்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாதுன்னு அவன் சொன்னதுக்கு, "கரண்டும் அப்படித்தாம்பா"ன்னார்.

பையன் போகும்போது ஒரு வேல பண்ணிட்டுப் போயிட்டான். பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா மோடத்துக்கு எவ்ளோ வெளிச்சம் வருதுன்னு தெரியும், மைனஸ் 27க்கு கீழ போனா கஷ்டம்னு அப்பாவுக்கு சொல்லிக் குடுத்துட்டான். இன்னைக்கு காலைல டைரில சுகர் 142, பக்கத்துலயே மோடம் மைனஸ் 21.3. மத்தியானம் மைனஸ் 21.6 ஆயிடுச்சாம். "எவன்டா மோடத்த நகத்தினது?"ன்னு இப்ப ஹால்ல விசாரணை நடக்குது. அம்மா, பெருக்கும்போது தொடவே இல்லன்னு சத்தியம் பண்றாங்க. நம்பின மாதிரி தெரியல.