ஆடு புலி ஆட்டம் ஆப்: வெக்டர் படத்தோட மல்லுக்கட்டுன கதை

லீவு நாள்ல உக்காந்து ஆடு புலி ஆட்டத்த ஆண்ட்ராய்டுக்கு கோட்லின்ங்கற புரோகிராமிங் மொழில எழுதிட்டு இருக்கேன். ரூல்ஸ் பக்கம் சீக்கிரமே முடிஞ்சிருச்சு, 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு, எந்தப் புள்ளிலருந்து எங்க நகரலாம், எங்க தாவி வெட்டலாம்னு ஒரு டேபிள், அவ்ளோதான். நேரத்த தின்னது பூரா படம் வரையுற பக்கம்தான். எல்லாமே வெக்டரா, அதாவது பிக்சலா இல்லாம கோடு, வளைவு கணக்கா சேமிச்ச படமா இருந்தா சின்ன போன்லருந்து டேப்லெட் வரைக்கும் ஒரே ஃபைல் போதும்னு ஆரம்பிச்சேன், அது உண்மைதான், ஆனா இங்க்ஸ்கேப்ல (வெக்டர் வரையுற சாஃப்ட்வேர்) தெரியுறது அப்படியே போன்ல தெரியும்னு மட்டும் யாரும் நம்பிராதீங்க.

முதல்ல பலகை. கோயில் மண்டபத் தரையில செதுக்கியிருப்பாங்கல்ல, அந்தக் கல்லு லுக் வேணும்னு ஒரு கல் போட்டோவ இங்க்ஸ்கேப்ல ட்ரேஸ் பிட்மேப் குடுத்து வெக்டராக்கிப் பாத்தேன். வந்த பாத் (உருவத்தோட வடிவக்கோடு) அனுமார் வாலு மாதிரி போய்ட்டே இருக்கு. அந்தப் பாத்த எழுத்தா எழுதி வச்ச பாத்டேட்டா 800 எழுத்த தாண்டுனாலே, கோட்ல குறை தேடுற லின்ட் முணுமுணுக்க ஆரம்பிச்சிரும், 32,767 தாண்டுச்சுன்னா 'ஸ்ட்ரிங் டூ லார்ஜ்'னு சொல்லி கைய விரிச்சிரும். சொரசொரப்பான கல்லுக்கெல்லாம் வெக்டர் எதுக்குங்க, அத வெப்பி (WebP), அதாவது சாதா பிக்சல் படமா போட்டுட்டு மேல கோடுகள மட்டும் கேன்வாஸ்ல (கோட் வழியா நேரா வரையுற எடம்) டிராலைன் வச்சு வரைஞ்சாச்சு.

அடுத்து புலி. முகத்த முக்கோணம் முக்கோணமா ஒட்டி லோ பாலி ஸ்டைல்ல வரைஞ்சிருந்தேன், ஓட்டிப் பாத்தா ஒவ்வொரு முக்கோணத்துக்கு நடுவுலயும் மெல்லிசா வெள்ளக் கோடு. ஃபைல்ல கேப்பே இல்ல, ரெண்டு முக்கோணத்துக்கும் ஓரம் அதே ரெண்டு புள்ளிதான். சமாச்சாரம் என்னன்னா ஆன்டி ஏலியாசிங், அதாவது ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியாம இருக்க ஓரத்துப் பிக்சல்ல கலர கலக்குறது. ஓரத்துல இருக்குற ஒரு பிக்சல்ல பாதி இந்தப் பக்கத்து முக்கோணம், பாதி அந்தப் பக்கத்து முக்கோணம்னு வச்சுக்கங்க, மொதல்ல வரையுறது 50 சதவீதம் மூடுது, ரெண்டாவது வரும்போது மிச்சம் இருக்குற 50ல பாதியத்தான் மூடுது, ஆக 25 சதவீதம் பின்னாடி இருக்குற கலர் எட்டிப் பாக்குது. ரெண்டும் சேந்து முழுசா மூடும்னு நாம நினைக்கிறோம், ஆனா ரெண்டாவத வரையும்போது மொதல்ல வந்தது எந்தப் பாதிய மூடுச்சுன்னு படத்த வரையுற ரெண்டரருக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அதே கலர்ல மெல்லிசா ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) குடுத்தா கோடு மறையுது, ஆனா காது நுனியில ஸ்ட்ரோக் கூர்மையா வெளிய துருத்துது. கடைசில புலியோட முழு உருவத்தையும் ஒரே ஆரஞ்சு ஷேப்பா அடியில போட்டு அதுக்கு மேல முக்கோணங்கள வச்சேன், இப்ப எட்டிப் பாத்தாலும் ஆரஞ்சுதான் தெரியும். ஆட்டுக்கும் இதே வைத்தியம்.

நிழலுக்கு ப்ளர் ஃபில்டர் போட்டிருந்தேன், ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ இம்போர்ட் பண்ணும்போது அத கண்டுக்கவே இல்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணா லேசான கருப்புல நாலஞ்சு நீள்வட்டம் அடுக்கிட்டேன், தூரத்துல பாத்தா நிழல்தான்.

பழைய ஆண்ட்ராய்ட் 6 போன் ஒண்ணு வீட்ல கெடந்துச்சு, அதுல ஓட்டுனா ஆட்டுக் கொம்புக்கு நடுவுல இருக்க வேண்டிய ஓட்டை அடைஞ்சு போய் மொத்தமா ஒரு கட்டியா நிக்குது. உருவத்துல எது ஓட்டைன்னு முடிவு பண்ற ஃபில்டைப் ஈவன்ஆட்ங்கற ரூல் ஏபிஐ 24லதான், அதாவது ஆண்ட்ராய்ட் 7லதான் வந்துச்சு, அதுக்கு முந்துன போனுக்கு நான்ஜீரோங்கற ரூல் மட்டும்தான் தெரியும், அதுல உள் வளையமும் வெளி வளையமும் ஒரே திசையில சுத்துனா ஓட்டையே கெடையாது. ஆப்காம்பாட்ரிசோர்சஸ்ங்கற துணை லைப்ரரி வழியா டிராயபிள (ஆண்ட்ராய்ட்ல படத்துக்கான ஆப்ஜெக்ட்) எடுத்தா பழைய போன்லயும் சரியா வரும்தான், ஆனா எனக்கு ஃபைல்லயே சரி பண்றதுதான் புடிச்சிருக்கு, ஏன்னா நாளைக்கே இதே படத்த வேற எங்கயாச்சும் போட்டா அங்கயும் இந்தக் கூத்து நடக்கும். இங்க்ஸ்கேப்ல பிரேக் அபார்ட், உள் வளையத்த மட்டும் செலக்ட் பண்ணி ரிவர்ஸ், திரும்ப கம்பைன். பிரேக் பண்ணாம ரிவர்ஸ் குடுத்தா ரெண்டும் சேந்து திரும்பிக்கும், ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஜூம்தான் ரொம்ப இழுத்துச்சு. விரல விரிச்சு பெருசாக்குனா காய் எல்லாம் மங்கலா ஆயிருது, வெக்டர்தானே எப்படி மங்கும்னு தோணும், ஆனா வெக்டர் டிராயபிள் உள்ளுக்குள்ள தன்னோட சைஸுக்கு ஒரு பிட்மேப் (பிக்சல் படம்) வரைஞ்சு வச்சுக்குது, ஸ்க்ரீன்ல படத்த காட்டுற வியூவோட ஸ்கேல்எக்ஸ (பெருசாக்குற அளவு) மாத்துனா அந்த பிட்மேப்தான் இழுபடுது. சரி நானே பாத்த எடுத்து கேன்வாஸ்ல நேரா வரையுறேன்னு, பாத்டேட்டாவ படிக்குற பாத்பார்சர் வச்சு எழுதுனேன், அட்டகாசமா ஷார்ப்பா வந்துச்சு, ஆனா வெட்டுப்பட்ட ஆடு மெல்ல மறையுற இடத்துல அடியில போட்ட ஷேப் தனியா மேல இருக்குற முக்கோணம் தனியான்னு எலும்புக்கூடு மாதிரி தெரிய ஆரம்பிச்சிருச்சு, ஏன்னா ஆல்ஃபா (எவ்ளோ ஒளி ஊடுருவுங்கற அளவு) ஒவ்வொரு ஷேப்புக்கும் தனித்தனியா போகுது. டிராயபிள்ல அந்தத் தொல்ல இல்ல, மொத்த பிட்மேப்புக்கும் சேத்து ஒரே ஆல்ஃபா. எல்லாத்தையும் ஒரே லேயரா சேத்து மறைக்குற சேவ்லேயர்ஆல்ஃபா போட்டும் சமாளிக்கலாம், ஆனா திரும்ப டிராயபிளுக்கே வந்துட்டேன், விரல் ஸ்க்ரீன்ல இருக்குற வரைக்கும் மங்கலா இழுபடட்டும், விரல எடுத்ததும் ஸ்கேல ஒண்ணாக்கிட்டு புது சைஸ செட்பவுண்ட்ஸ்ல குடுத்தா புதுசா வரைஞ்சு பளிச்னு ஆயிருது.

இதுல ஒரு காமெடி, ஒரு ஆட்ட வெட்டுனா பலகையில இருக்குற அத்தன ஆடும் சேந்து மறையுது! ஒரே ரிசோர்ஸ்லருந்து எடுத்த டிராயபிள் எல்லாம் உள்ள ஒரே ஸ்டேட்ட பங்கு போட்டுக்கும், ஒவ்வொண்ணுக்கும் மியூடேட் கூப்ட்டா தனித்தனியா ஆயிரும், ஒரு வரி வேலை.

இப்ப புலி வாயத் தொறக்குற அனிமேஷன்ல நிக்குறேன். பாத் மார்ஃபுக்கு (ஒரு வடிவம் மெல்ல இன்னொண்ணா மாறுறது) மூடுன வாய், தொறந்த வாய் ரெண்டுலயும் கமாண்டுகள் அதே வரிசையில அதே எண்ணிக்கையில இருக்கணும், அதனால ரெண்டாவது படத்த புதுசா வரையாம தொறந்த வாயோட நோடுகளையே நகத்தி மூடிட்டு இருக்கேன், கீழ்த்தாடை முடிஞ்சிருச்சு, மீசை பாக்கி.