தருமபுரி, கிருஷ்ணகிரியில் இளையோர் ஆய்வு: கூட்டாக இறங்குவோருக்கு

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றும் தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து இளையோர் வாழ்க்கையை ஆராயப் போகின்றன என்றால், முதலில் பேசி முடிக்க வேண்டியது வயது. ஐ.நா. கணக்கில் இளையோர் 15 முதல் 24 வரை. நம் 2014 தேசிய இளைஞர் கொள்கையில் 15 முதல் 29 வரை. ஆளுக்கொரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ஆள் தேர்வு செய்யும்போதுதான் சண்டை வரும்.

எங்களைக் கேட்டால் 18 முதல் 24 போதும். அதற்குக் கீழே போனால் பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் இசைவு என்று இரண்டு தாள் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகள்படி 12 வயதுக்கு மேல் அந்த இசைவும் எழுத்தில் இருக்க வேண்டும். ஓசூர் விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் 17 வயதுப் பெண்ணுக்கு, அப்பா கையெழுத்தைச் சொந்த ஊரான அஞ்செட்டி வரை போய் வாங்கியாக வேண்டும். படிப்பு நின்றது, முதல் வேலை, கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் 19 வயதுக்காரரிடம் பின்னோக்கிக் கேட்டாலே கிடைத்துவிடும்.

கட்டாயம் 18க்குக் கீழேதான் என்றால், ஒப்புதல் படிவத்தில் வழக்கமாக வரும் ‘நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்ற வரியை அப்படியே வைக்கக் கூடாது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தகவல் தர வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை. இந்த விதிவிலக்கைப் பேட்டி தொடங்கும் முன்பே வாசித்துக் காட்ட வேண்டும். அப்படி ஒன்று வெளிவந்தால் களப்பணியாளர் உடனே யாரை அழைப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098உம் கையில் இருக்கட்டும்.

ஆய்வுத் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இருக்காது. கூட்டாளி நிறுவனத்தின் குழுவைப் பயன்படுத்த முன்கூட்டியே ஒப்பந்தம் போடலாம். ஒப்புதல் கிடைத்த பிறகு ஒரு கேள்வியை மாற்றினாலும் திருத்தம் என்று மறுபடி குழுவுக்குப் போக வேண்டும். அதனால் விண்ணப்பத்திலேயே முன்னோட்டப் பேட்டிகளை முதல் கட்டமாகவும், திருத்திய வினாப்பட்டியலை இரண்டாம் கட்டமாகவும் காட்டிவிட்டால் அலைச்சல் குறையும்.

பணத்தில் பலரும் சறுக்கும் இடம் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதி வாங்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதியை வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. ‘சென்னைக்கு வரும், அங்கிருந்து தருமபுரிக்குப் பங்கு வரும்’ என்று பட்ஜெட் போட்டால் முதல் தவணையிலேயே நின்றுவிடும். நிதி வாங்கும் நிறுவனமே களப்பணியாளர்களை நேரடியாக நியமித்துச் சம்பளம், பயணச் செலவு தருவதாக எழுத வேண்டும். உடல்நலம் சார்ந்த கேள்விகளோடு வெளிநாட்டுக் கூட்டும் இருந்தால், ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும்; அதற்கான மாதங்களைக் கால அட்டவணையில் ஒதுக்கிவிடுங்கள்.

இனி களம். வீடு வீடாகப் போனால் இளையோர் இருக்க மாட்டார்கள். பெங்களூரு, திருப்பூர், ஓசூர் சிப்காட் என்று போயிருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் படிப்பவர்களும் புதிதாகக் கல்யாணமான பெண்களும்தான் அதிகம் வருவார்கள். ஆய்வு அங்கேயே சாய்ந்துவிடும். ஆடிப் பெருக்குக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருவார்களே என்று அந்த நாளில் பேட்டி வைப்பதும் வீண், யாரும் ஒரு மணி நேரம் உட்கார மாட்டார்கள். அப்போது பெயரையும் கைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு, பேட்டியை ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவரைக் காலையில் எழுப்பாதீர்கள். மூன்று மணிக்கு மேல் போங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் அறுவடையும் கூழ் ஆலை வேலையும் ஓடும் மே, ஜூனில் கிராமத்திலும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

திண்ணையில் பேட்டி நடந்தால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ‘மேலே படிக்க ஆசையா?’ என்ற கேள்விக்குப் பெண் முதலில் அம்மா முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் பதில். அம்மாவை எழுந்து போகச் சொன்னால் சந்தேகம் வரும். இரண்டு களப்பணியாளர்கள் சேர்ந்து போவதுதான் வழி: ஒருவர் குடும்ப விவரப் படிவத்தோடு அம்மாவை வாசல் பக்கம் அழைத்துப் போவார், மற்றவர் பெண்ணோடு பேசுவார். குடும்பப் படிவத்தை வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். காதல், சாதி மாறிய திருமணம் பற்றிய கேள்விகளைத் திண்ணையில் கேட்கவே வேண்டாம். சாதி மாறிய ஒரு திருமணத்தை ஒட்டி 2012இல் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான். அதே ஊர்க்காரரைக் களப்பணிக்குப் போடாமல், அதே வட்டாரத்து வேற்றூர்க்காரரைப் போடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்தவர் அவசியம். சித்தேரி மலையில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்துப் பேசிய பிறகே வீடுகளுக்குப் போவது மரியாதை.

படிவக் கணக்கில் கூலி கொடுத்தால் வீட்டில் உட்கார்ந்தே படிவம் நிரப்பும் வேலை தொடங்கிவிடும். நாள் சம்பளம் கொடுங்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய்ச் சரிபார்க்கட்டும். ஒருவர் ஒரு நாளில் நீண்ட பேட்டி மூன்றுக்கு மேல் எடுத்தால் தரம் விழும். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. கைபேசியில் பேட்டிப் பதில்களைப் பதியும் கோபோ செயலியில், படிவத்தின் புதிய பதிப்பைக் கீழே இருக்கும்போதே இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குழுவில் பாதிப்பேர் பழைய கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒலிப்பதிவுக்குக் கைபேசிதான் என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், பட்ஜெட்டில் பெரும்பாலும் விடுபடுவது இந்தச் செலவுதான்.

பெயர், எண் அடங்கிய பட்டியலைத் தரவிலிருந்து பிரித்து, கடவுச்சொல் போட்டு ஓரிடத்தில் மட்டும் வைக்க வேண்டும். ஆனால் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ‘சித்தேரி, 19 வயது, நர்சிங் படிப்பவர்’ என்று எழுதினாலே ஊருக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கட்டுரையில் ‘அரூர்ப் பக்கத்து மலைக்கிராமம்’ என்று நிறுத்திக்கொள்ளலாம்.

கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும், மூலத் தரவு எந்தக் கல்லூரியில் இருக்கும், உள்ளூர் ஆசிரியர் அதை வைத்துத் தனியாக எழுதலாமா என்ற மூன்றையும் களத்துக்குப் போகும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். உள்ளூர்க் கல்லூரி பேட்டி எடுத்துக் கொடுப்பதோடு நின்றால் கடைசியில் நன்றியுரையில் ஒரு வரிதான் கிடைக்கும்; வினாப்பட்டியல் தயாரிப்பிலும் பகுப்பாய்விலும் பங்கு இருந்தால்தான் ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்க முடியும்.